ஏழாம் எண் வீட்டுக் கல்

ஒதீல் மரிலியே பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்திரண்டு வருடம் வெந்தவள். பிரான்சின் பர்கண்டிப் பகுதியிலிருந்த அந்த ஊரில் அவள் வைத்த சூப்பைக் குடிக்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. ஆனாலும் ஊருக்கு அவள் ‘வானியலாளர் வீட்டம்மா’தான். ‘வால்நட்சத்திரம் கண்ட ஆன்செல்ம் வோத்ரே இங்கே பிறந்தார்’ என்று, கணவன் ரெமியின் தாத்தா காலத்தில் அவர்கள் வாசலுக்கு மேலே ஒரு பளிங்குக் கல் பதித்துவிட்டார்கள். கோடையில் வருகிறவர்கள் கதவைத் தட்டி, அவருடைய தொட்டில் இருக்கிறதா என்று கேட்பார்கள். ஒதீல் உருளைக்கிழங்குக் கூடையைக் காட்டி அனுப்பிவிடுவாள்.

போன இலையுதிர் காலத்தில் ரெமிக்குப் பக்கவாதம் வந்தது. இனி சக்கர நாற்காலிதான். அது அந்த ஒடுங்கிய வாசலில் நுழையாது. நான்கு அங்குலம் இடித்தால் போதும், ஆனால் மாமனிதர் பிறந்த வீட்டில் கை வைக்கக்கூடாது என்று நகராட்சி இரண்டு முறை மறுத்துவிட்டது. ரெமி மருத்துவ விடுதியிலேயே கிடந்தான். அவள் பார்க்கப் போகும்போதெல்லாம், எப்போது வீட்டுக்கு என்று கேட்டான்.

வாசல் முன்பு அகலமாக இருந்ததற்குப் பழைய படம் ஏதாவது கிடைக்குமா என்று ஆவணக் காப்பகத்துக்குப் போனாள். படம் கிடைக்கவில்லை. தெருவின் வீட்டு எண்களை மாற்றிய பட்டியல் கிடைத்தது. பிறப்புப் பதிவின்படி வோத்ரே பிறந்தது பழைய ஏழாம் எண். இப்போது அது பதினொன்று, யுகெத்தின் இறைச்சிக்கடை. கல் பதித்த விழாக்குழு பட்டியலைப் பார்க்காமல் புதிய ஏழான அவர்கள் வீட்டில் பதித்துவிட்டது. காப்பக அதிகாரி துக்க வீட்டுக்கு வந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டார். ஒதீலோ சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டாள்.

தெருவுக்கு வந்ததும்தான் பயம் பிடித்தது. ரெமியின் குடும்பத்துக்கு இருந்த பெருமையே அந்தக் கல்தான். நோயாளியிடம் இதை எப்படிச் சொல்வது? விடுதிக்குப் போய், மென்று விழுங்கி ஒருவழியாகச் சொல்லிவிட்டாள்.

ரெமி கேட்டான்:

“அப்போ அந்த ஆளு நம்ம வீட்டுல பொறக்கவே இல்லையா?”

“இல்ல ரெமி.”

“அப்பாடா. பத்து வயசுலேர்ந்து அவனுக்குக் கல்லு தொடச்சிட்டிருக்கேன். இனிமே யுகெத் தொடைக்கட்டும். நீ கொத்தனாரக் கூப்பிடு.”

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, நிம்மதியில்.

மாமனிதர் பிறக்காத வீட்டுக்கு நகராட்சியால் தடை சொல்ல முடியவில்லை. மார்ச்சில் கல் இறங்கியது. கூட்டம் வருமென்று யுகெத் தானே வந்து வாங்கிப் போனாள். வாசல் அகலமானது, ரெமி வீடு வந்து சேர்ந்தான். மறுவாரம் ஒரு தம்பதி, கதவுக்கு மேலே வெளிறிக் கிடந்த சதுரத்தைப் பார்த்துவிட்டு, இங்கே பிறந்தது யார் என்று கேட்டார்கள். ஒதீல் இறைச்சிக்கடைப் பக்கம் கையை நீட்டப்போனாள். அதற்குள் ரெமி நாற்காலியை வாசலுக்கே உருட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

“நான்தான்,” என்றான்.