வக்கீல் பார்டன் மனைவிக்கு எழுதிய கடிதம்

நகல் எடுக்கும் அச்சின் இரும்புத் திருகை மூன்று சுற்று இறுக்கிவிட்டு, எலிஹு பார்டன் அதன் பிடியை விடாமல் நிற்கிறார். திருகுக்கு அடியில் நகல் ஏடு. ஏட்டுக்குள் ஈரத்துணியால் பதமாக்கிய, வெங்காயத்தோல் போன்ற மெல்லிய தாள். அதோடு முகம் சேர்த்து வைத்த ஒரு கடிதம். இருபது வரை எண்ணுகிறார். எண்ணி முடியும்வரை யார் வந்தாலும் வாய் திறக்கமாட்டார். ஒருமுறை பக்கத்து இரும்புக்கடைக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "பார்டன்! கொட்டகை பத்திக்கிச்சு!" என்று கத்தினார். பார்டன் ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, பதினெட்டு, பத்தொன்பது, இருபது என்று முடித்துத் திருகைத் தளர்த்திய பிறகுதான், "யாரோட கொட்டகை?" என்று கேட்டார். அவருடையதுதான்.

வயது ஐம்பத்தெட்டு. பள்ளிக்கூடம் போனது நான்கு குளிர்காலம். அதில் இரண்டு குளிர்காலம் வாத்தியார் வரவில்லை. தோல் பதனிடும் தொட்டியில் முழங்கால் வரை நின்று வேலை செய்துகொண்டே, இரவல் வாங்கிய சட்டப் புத்தகத்தை ஆணியில் தொங்கவிட்டுப் படித்தவர். ஒஹையோவின் இந்த மூலையில் கல்லூரி வாசலைக் கண்டு வந்த வக்கீல்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். ஆறு பேரையும் நீதிமன்றத்தில் மண்ணைக் கவ்வ வைத்தவர் இவர் ஒருவர்தான். அவர் கடிதங்களில் எழுத்துப் பிழை உண்டு, ஓட்டை கிடையாது.

யாருக்கு எழுதினாலும் ஒரே நடைதான். "தங்கள் பதினான்காம் தேதிக் கடிதம் கைக்கு வந்தது, அதில் கண்டவை கவனிக்கப்பட்டன" என்று ஆரம்பிக்கும். பிறகு முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று பத்தி பத்தியாக இறங்கும். மர அறுவை ஆலைக்கும் இப்படித்தான், மாநிலச் செயலாளருக்கும் இப்படித்தான். தங்கை மகளின் கல்யாணத்துக்கு அவர் எழுதிய வாழ்த்து அந்த வீட்டில் இன்னும் பேச்சு: "முதலாவது, என் ஆசிகள். இரண்டாவது, மாப்பிள்ளையின் தெற்கு வயலுக்கு வேலி எவர் செலவு என்பது தெளிவாகவில்லை."

மேசைமேல் இரண்டு மைப்புட்டிகள். ஊதா மை தொழில் கடிதங்களுக்கு. அது நகல் தாளில் ஊறிப் பதியும். கருப்பு மை வீட்டுக் கடிதங்களுக்கு. அதற்கு நகல் எடுப்பதில்லை. "வீட்டுக்கு எழுதறதுக்கு எதுக்கு நகல்? பெண்டாட்டி என்மேல கேஸா போடப்போறா?" என்பார். இந்தப் பிரிவினையில் அவருக்குப் பெருமை அதிகம். சுவரில் இருக்கும் புறாக்கூண்டு போன்ற அலமாரியிலும் இடப்பக்கம் தொழில், வலப்பக்கம் குடும்பம். முப்பத்தொரு வருடத்தில் இடப்பக்கத்துத் தாள் ஒன்றுகூட வலப்பக்கம் போனதில்லை.

ஆனால் நகல் எடுப்பதன் சூட்சுமம் திருகில் இல்லை, துணியில் இருக்கிறது. ஈரம் குறைந்தால் எழுத்து பதியாது. கூடினால் மை கரைந்து ஓடிவிடும். அந்தப் பதம் பார்டனின் கைக்கு வரவே இல்லை. அவர் மனைவி லோயிஸின் கையில்தான் இருந்தது. காலையில் அலுவலகத்துக்கு வந்து, அன்றைக்கு வேண்டிய துணிகளை நனைத்துப் பிழிந்து தகரப் பெட்டியில் மூடி வைத்துவிட்டுப் போவாள். அவர் எப்போதாவது தானே பிழியப் போனால் சத்தம் கேட்கும்.

"மிஸ்டர் பார்டன்! அது துணி. குதிரை கழுவற கந்தை இல்ல."

"தண்ணி தண்ணிதானே, லோயிஸ்."

"சட்டம் சட்டம்தானேன்னு எவனாவது சொன்னா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

சென்ற அக்டோபர் தொடக்கத்திலிருந்து லோயிஸ் ஆறு வாரம் ஊரில் இல்லை. எண்பது மைல் தள்ளி இருக்கும் அவளுடைய தங்கைக்குப் பிரசவம். அந்த ஆறு வாரமும் பார்டன் நகல் துணியைத் தானே பிழிந்தார். தினம் மாலை அவளுக்குக் கருப்பு மையில் ஒரு கடிதமும் எழுதினார். இந்த இரண்டும் சேர்ந்து அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தப் போகின்றன என்பது மார்ச் மாதம்தான் தெரிந்தது.

மார்ச்சில் ஓபேத் கிரிம்ஸ் தொப்பியைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றான். இருபத்திரண்டு பசு, மூன்று பிள்ளைகள், ஒரே ஒரு ஊற்று. கோடையில் சுற்றுவட்டாரத்துக் கிணறெல்லாம் வற்றினாலும் அவன் ஊற்று வற்றாது. ரயில் கம்பெனிக்கு இன்ஜினுக்குத் தண்ணீர் வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் கம்பெனி ஆள் நீட்டிய தாளில் ஓபேத் கையெழுத்துப் போட்டிருந்தான்: கம்பெனி ஊற்றைக் கேட்டு எழுதினால், முப்பது நாளுக்குள் மறுத்துத் தபாலில் சேர்க்க வேண்டும், சேர்க்காவிட்டால் ஊற்று கம்பெனியுடையது. கம்பெனி செப்டம்பரில் கேட்டது. பார்டன் இருபத்தேழாவது நாளே, அக்டோபர் பதினேழாம் தேதி, மறுப்பு எழுதி அனுப்பினார். இப்போது கம்பெனி, அப்படி ஒரு கடிதம் வரவே இல்லை என்றது.

"பயப்படாதே ஓபேத். பார்டன் எழுதினா நகல் இருக்கும்" என்று சொல்லி நகல் ஏட்டை விரித்தார். அக்டோபர் பதினாறு தெளிவாக இருந்தது. பதினெட்டும் படிக்க முடிந்தது. பதினேழாம் தேதித் தாளில், மழைக்கு முந்தைய வானம்போல ஒரு ஊதா மேகம் மட்டும் இருந்தது. ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை.

ஓபேத் எட்டிப் பார்த்தான். "இதுல என்ன எழுதியிருக்கு வக்கீலய்யா?"

பார்டன் ஏட்டை மூடினார்.

தபால் நிலையத்துக்குப் போனார். அஞ்சல் அதிகாரி வெண்டல் தாடியைச் சொறிந்தார். "அக்டோபர்ல போட்ட கடுதாசியா? தினம் நூறு கடுதாசி போகுது பார்டன். சில நாள் எனக்கு என் மாமியார் பேரே ஞாபகம் வரமாட்டேங்குது."

"அது உன் பாக்கியம்" என்று சொல்லிவிட்டு வந்தார். சிரிக்கவில்லை.

விசாரணைக்கு மூன்று நாள் இருந்தது. அன்று இரவுச் சாப்பாட்டில் சோளரொட்டியைத் தொடவில்லை. லோயிஸ் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு எழுந்துபோய்ப் படுக்கையறையிலிருந்து ஒரு தையல் பெட்டியைக் கொண்டுவந்தாள். உள்ளே ஆறு வாரத்துக் கடிதங்கள், உறையோடு. ஒவ்வொன்றும் நீளவாக்கில் மூன்றாக மடித்து, முதுகில் தேதியும், எவரிடமிருந்து, எப்போது சேர்ந்தது என்ற குறிப்பும் எழுதி, வக்கீல் அலுவலகக் கட்டுப்போலச் சிவப்பு நாடாவில் கட்டியிருந்தது.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

"முப்பத்தொரு வருஷமா யார் வீட்ல சாப்பிடறேன்?"

அக்டோபர் பதினேழை உருவி எடுத்து, நான்காவது பத்தியில் விரலை வைத்தாள். தேடிய சாட்சியம் அங்கே இருந்தது. பார்டன் இரண்டு தடவை படித்தார். அவர் தோள் இறங்கியது. பிறகு கண் ஐந்தாவது பத்திக்குப் போனது. இறங்கிய தோள் மறுபடி ஏறிக்கொண்டது.

"நாலோட நிறுத்திக்கலாம். அஞ்சாவதுக்கும் கேஸுக்கும் சம்பந்தம் இல்ல."

லோயிஸ் கடிதத்தை அவர் கையிலிருந்து வாங்கி மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். புருஷன் பெண்டாட்டிக்கு எழுதியதை, இருவரும் சம்மதித்தால் ஒழிய நீதிமன்றம் கேட்காது. அது அவளுக்கும் தெரியும். மறுநாள் காலை பார்டன் எழுந்து, ஊதா மையில், தன் சொந்த மனைவிக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, சமையலறை மேசைமேல் உப்புக் கிண்ணத்தில் சாய்த்து வைத்தார். மத்தியானம் அதே இடத்தில் பதில் இருந்தது: "தங்கள் இன்றைய தேதிக் கடிதம் கைக்கு வந்தது, அதில் கண்டவை கவனிக்கப்பட்டன. முதலாவது, சம்மதம். இரண்டாவது, படித்தால் முழுவதும் படிக்க வேண்டும். மூன்றாவது, சூப் அடுப்பின்மேல் இருக்கிறது."

விசாரணை அன்று நீதிமன்றத்தில் உட்கார இடமில்லை. ஓபேத் முன்பெஞ்சில், இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கம்பெனிக்கு வந்தவர் நகரத்து ஸ்டெட்மன்; கல்லூரியில் படித்த கையோடு தங்கச் சங்கிலிக் கடிகாரமும் வாங்கியவர். கெட்டுப்போன நகல் தாளைத் தூக்கிச் சபைக்குக் காட்டினார்.

"அழகான ஓவியம், சார். இதுல மறுப்பு எந்த மூலையில இருக்குன்னு கொஞ்சம் காட்டறீங்களா?"

பார்டன் லோயிஸுக்கு எழுதிய கடிதத்தை எடுத்தார். நீதிபதி பிளாட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அம்மா, இது உங்களுக்கு எழுதினது. படிக்கலாமா?"

"படிக்கலாம் ஐயா. முழுசா."

பார்டன் படித்தார். முதலாவது, அவளுடைய கடிதம் சேர்ந்தது. இரண்டாவது, புள்ளிக்கோழி முட்டை இடுவதை நிறுத்திவிட்டது, காரணம் சொல்லவில்லை. மூன்றாவது, உருளைக்கிழங்கு சட்டியோடு கரிந்தது. சட்டி தற்போது கொட்டகைக்குப் பின்னால் புதைக்கப்பட்டுள்ளது. பின்வரிசை வெடித்துச் சிரித்தது. "என் நல்ல சட்டியா!" என்ற லோயிஸின் குரலும் கேட்டது, அக்டோபரிலேயே இதைப் படித்து, ஊர் திரும்பியதும் சட்டியைத் தோண்டி எடுத்துத் தேய்த்துவிட்டவள்தான்; சபைக்காகத்தான் இந்தக் கூச்சல்.

நான்காவது: "ஓபேத் கிரிம்ஸ் ஊற்று விஷயமாக ரயில் கம்பெனிக்கு மறுப்பு இன்று நாலு மணிக்கு, வெண்டலின் தபால் நிலையத்தில் என் கையால் போட்டேன். நகல் எடுத்தேன். துணியில் தண்ணீர் கூடிவிட்டது. தாள் கெட்டுவிட்டது என்று பயப்படுகிறேன். நீ பிழிந்த துணிபோல் வரவில்லை."

பார்டன் நிறுத்தினார். கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார். கொட்டகை எரிந்த அன்றுகூட அந்த முகம் இப்படிச் சிவக்கவில்லை.

"ஐந்தாவது. வீட்டில் சத்தம் இல்லை. உன் நாற்காலி வெறுமையாக இருப்பதைப் பார்க்க முடியாமல் உன் சால்வையை அதன்மேல் போட்டு வைத்திருக்கிறேன். நேற்று அதோடு கொஞ்ச நேரம் பேசினேன். இதை எந்த நீதிமன்றத்திலும் ஒப்புக்கொள்ளமாட்டேன். சீக்கிரம் வந்துவிடு."

ஸ்டெட்மன் எழுந்தார். "ஒரே ஒரு கேள்வி, சார். சால்வை என்ன பதில் சொல்லிச்சு?"

"ஒண்ணும் சொல்லல. அதனாலதான் இவளுக்கு எழுதினேன்."

யாரும் சிரிக்கவில்லை. அதைக் கவனித்த ஸ்டெட்மன் உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் உட்கார்ந்தபடியே, இது கேஸுக்காகப் பின்னால் ஜோடித்த கடிதமாக இருக்கலாமே என்றார்.

நீதிபதி உறையை வெளிச்சத்தில் பிடித்து அக்டோபர் பதினேழு என்ற தபால் முத்திரையைப் பார்த்தார். உறை போதவில்லை போலிருக்கிறது. கடிதத்தையும் வாங்கி, கடைசிப் பத்தியைத் தாமே இன்னொரு முறை, உதடு அசைய, படித்தார்.

"ஸ்டெட்மன், எலிஹு பார்டனை எனக்கு இருபது வருஷமாத் தெரியும். கேஸ் ஜெயிக்கணும்னு ஜோடிக்கிற ஆள் நாலாவதை எழுதுவான். அஞ்சாவதை எழுதமாட்டான். இந்த ஆளுக்கு அதைப் படிக்கறதவிட, நடுத்தெருவுல சட்டையக் கழட்டறது சுலபம். மறுப்பு தபால்ல சேர்ந்திருக்கு. ஊற்று கிரிம்ஸோடது."

ஓபேத் தொடைக்கடியிலிருந்து கைகளை எடுத்தான். அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் இருந்த வெண்டலைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "விடுடா, மாடு நாத்தம்!" என்றார் வெண்டல், அவரும் விடவில்லை. ஓபேத் மனைவி ஏப்ரனில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், நடுநடுவே சிரித்தாள். பார்டன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அன்று காலையிலிருந்து உள்ளே வைத்திருந்த மூச்சையெல்லாம் மொத்தமாக வெளியே விட்டார்.

"முழுசாப் படிக்கச் சொன்னது இதுக்குத்தானா?" என்று மனைவியிடம் மெல்லக் கேட்டார்.

"பாதி சாட்சியம் பொய்ச் சாட்சியம்னு வீட்ல தினம் சொல்றது யாரு?"

கூட்டம் கலைந்த பிறகு லோயிஸ் குமாஸ்தாவின் மேசைக்குப் போய்க் கையை நீட்டினாள். "என் கடிதம்."

குமாஸ்தா சங்கடப்பட்டான். "அது இனிமே கேஸ் கட்டுல இருக்கணும்மா. திருப்பித் தர முடியாது."

லோயிஸ் நீட்டிய கையை உடனே மடக்கவில்லை. பார்டன் அதைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு தாள் வாங்கி, கடிதத்தைப் பார்த்துத் தன் கையாலேயே எழுத ஆரம்பித்தார்: கோழி, சட்டி, ஊற்று, சால்வை, ஒரு பிழையையும் திருத்தாமல். எழுதி முடித்ததும் குமாஸ்தா வழக்கப்படி, 'உண்மை நகல்' முத்திரையை மையில் ஒற்றி எடுத்துக்கொண்டு குனிந்தான். பார்டன் தலையைத் தூக்கவில்லை. "வீட்டுக்கு எழுதறதுக்கு நகல் கிடையாது" என்று, அந்தத் தாளின்மேல் உள்ளங்கையை விரித்து மூடிக்கொண்டார்.