பூஞ்சை பிடித்த கேசட்

என் அக்கா வீட்டுக்காரரை ஊரில் ‘ரிமோட்’ என்றுதான் சொல்வார்கள். விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறார். முன்பக்கம் பூட்ஸ், பந்து, கிளவுஸ். நடுவில் நான் ஜெர்சியில் நம்பர் அழுத்தும் மெஷின். பின்சுவரில் ஒரு டிவி. பழைய கால்பந்து மேட்ச் கேசட்டுகளைத் தேடிப் பிடித்து, டிஸ்க்கில் ஏற்றி, எங்கள் நீல அணியின் வெறியர்களுக்கு விற்பார். தூங்கும்போதுகூட ரிமோட்டைக் கையில் பிடித்திருக்கிறார் என்று அக்கா புலம்புவாள். நானே பார்த்திருக்கிறேன்.

கடையில் அதிகம் போகும் சரக்கு ஒரு தோல்விதான். இறுதிப் போட்டியின் கடைசி நிமிடத்தில் நீல அணி ஒரு கோல் போட்டது. லைன்ஸ்மேன் ஆஃப்சைடு என்று கொடியைத் தூக்கினார். கோப்பை போயிற்று. அத்தான் சரியாகக் கொடி உயரும் இடத்தில் படத்தை நிறுத்துவார். “பாருங்கய்யா, இந்தக் கையைப் பாருங்க!” என்பார். கூட்டம் பல்லை நறநறவென்று கடிக்கும். அந்தச் சூட்டோடு ஆளுக்கொரு ஜெர்சி வாங்கிவிடும். கோலுக்குக் கொடுத்த பாஸ் மட்டும் டிஸ்க்கில் இருக்காது. அந்த இடத்தில் படம் ஒரு துள்ளு துள்ளும். கேட்டால், “கேசட்ல பூஞ்சை பிடிச்சிருச்சு, என்ன பண்றது?” என்று உதட்டைப் பிதுக்குவார்.

போதாததற்கு, கொடியும் கையுமாக நிற்கும் லைன்ஸ்மேனை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டிவிட்டார். எதை வாங்கினாலும் அந்தப் படத்தின் மேல் ஒரு பந்து எறியலாம், இலவசம். அடி வாங்கி வாங்கி மூக்கு வெளுத்துப்போயிருந்தது.

இப்படியிருக்கையில் அத்தானின் மகள் ஒருவனைக் காதலித்தாள். தங்கமான பையன். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. பையனின் அப்பா அம்மா பேச வருவதாக முடிவானது. வீடு மாடியில்; கடை வழியாகத்தான் ஏற வேண்டும். அன்று காலை அவள் என்னை மெஷினுக்குப் பின்னால் இழுத்தாள்.

“மாமா, ஒண்ணு சொன்னா அலறக் கூடாது. அவங்க அப்பாதான் நம்ம சுவத்துல நிக்கிறாரு.”

நான் அலறினேன்.

“ரெண்டு அப்பாவுக்கும் தெரியாது மாமா. கல்யாணம் நின்னுபோயிடும். எப்படியாவது கிழிச்சிடுங்க.”

அத்தான் ஒட்டினால் சாமானியமாகக் கிழியுமா? நகம் போனதுதான் மிச்சம். கடைசியில், யாருமே வாங்காத பிரம்மாண்டமான மஞ்சள் கோல்கீப்பர் ஜெர்சி ஒன்றை அதன்மேல் மாட்டினேன். மூஞ்சியும் கொடியும் மறைந்தன.

சாயங்காலம் வந்தார்கள். பையனின் அப்பாவுக்கு வழுக்கைத் தலை, தடித்த கண்ணாடி. சாதுவான மனிதர். ஒரு பந்தை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். அத்தானுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“மேட்ச் எல்லாம் பாப்பீங்களா?”

“ஒரு காலத்துல பாத்தேன். ரொம்பப் பக்கத்துல நின்னு.”

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் எங்கள் ஆஸ்தான வெறியர், கணக்கு வாத்தியார். கடையில் நூறு ஜெர்சி இருக்க, அவர் கை அந்த மஞ்சளையே காட்டியது.

“அது விக்கிறதுக்கில்ல சார்” என்றேன்.

“என்னடா உளர்றே? அதை விக்கத்தானே இத்தனை நாளா தவம் கிடக்கோம்!” என்று அத்தானே பாய்ந்து போய் ஜெர்சியைக் கழற்றினார். வாத்தியார் தன் இலவசப் பந்தை எடுத்தார்.

“கண்ணு என்ன, பின்மண்டையிலயா இருந்துச்சு?” என்று கத்திக்கொண்டே எறிந்தார். மூக்கில் பட்டது.

“மூக்குல அடிக்காதீங்க சார்” என்றார் வழுக்கைத் தலைக்காரர். “அந்த மூக்கு இன்னும் என்கிட்டதான் இருக்கு.”

அத்தான் படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பையனின் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “கிளம்புங்க. இந்தச் சம்பந்தமே வேண்டாம்.” மகள் அழவில்லை. அப்பாவையே பார்த்தபடி நின்றாள். அழுதிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

லைன்ஸ்மேன் மட்டும் நகரவில்லை. “அன்னிக்கு எங்க வீட்டு ஜன்னல்ல ஒரு கண்ணாடிகூட மிச்சம் வைக்கல. அதோட கொடியைத் தொடறதை விட்டுட்டேன். நான் தூக்கினது சரியா தப்பான்னு எனக்கே தெரியாதுங்க. கொடியை ஏன் நிறுத்திக் காட்டுறீங்க? பாஸ் அடிச்ச நேரத்தை நிறுத்துங்க. அப்ப ஆள் எங்க நின்னான்கிறதுதானே ஆஃப்சைடு. தப்புன்னா நானே ஒரு பந்து எறியறேன்.”

“அங்க பூஞ்சை” என்றார் வாத்தியார்.

அத்தான் மகளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்து அலமாரியைத் திறந்து, மூல கேசட்டை பிளேயரில் போட்டார். பாஸ் வந்தது. பூஞ்சையாவது ஒன்றாவது! பந்து காலை விட்டுக் கிளம்பும் நொடியில் நிறுத்தினார். கோல் போட்ட எங்கள் நீல அணிக்காரன் எதிரணியில் அத்தனை பேரையும் தாண்டி, கோல்கீப்பரிடம் குசலம் விசாரிக்கும் தூரத்தில் தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தான்.

“ஆஃப்சைடுதான். நீங்க தூக்கினது நூத்துக்கு நூறு சரி” என்றார் அத்தான்.

“உனக்கு எப்பய்யா தெரியும்?” வாத்தியாரின் குரல் கீச்சிட்டது.

“கேசட்டு வாங்கின அன்னிக்கே. நம்ம ஆளே சொதப்பினான்னு சொன்னா எவன்யா ஜெர்சி வாங்குவான்?”

லைன்ஸ்மேன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “இன்னொரு தடவை போடுங்க” என்றார். அத்தான் போட்டார். மறுபடியும் கேட்டார், மறுபடியும் போட்டார். அந்த அம்மா கைப்பையைக் கீழே வைத்தாள். எனக்கு அத்தான் மேல் கோபம் கோபமாக வந்தது, கூடவே அழுகையும் வந்து தொலைத்தது.

“கல்யாணத்துக்குச் சம்மதம்” என்றார் லைன்ஸ்மேன் கடைசியில். “ஆனா என் படத்துக்குப் பக்கத்துல உங்க படமும் ஒட்டணும். அதே அளவு. கையில ரிமோட்டோட.”

அடுத்த வாரமே ஒட்டினோம். முதல் பந்து சம்பந்திக்குத்தான் என்று ஏகமனதாக முடிவு செய்தோம். பந்தை வாங்கிய லைன்ஸ்மேன், சிரித்துக்கொண்டே அதை மருமகளாகப் போகிறவளிடம் கொடுத்தார். அவள் எறிந்தது அப்பாவின் மூக்கிலேயே விழுந்தது.

“இன்னொரு தடவை” என்றார் சம்பந்தி.

அத்தானே குனிந்து பந்தைப் பொறுக்கி மகளிடம் கொடுத்தார்.