கம்ப்யூட்டருக்குத் தைத்த ரவிக்கை

போன வாரம் என் மகன் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி வந்தான். பெட்டியின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. முன்னால் மூன்று காற்றாடி, பின்னால் ஒன்று, தீபாவளிக்குக் கடை வாசலில் போடும் சரவிளக்கு மாதிரி சிவப்பு, பச்சை, ஊதா என்று மாறி மாறி மின்னுகின்றன. "தொடாதீங்கம்மா, கண்ணாடியில கைரேகை விழும்" என்றான். சரி, நமக்கு எதற்கு வம்பு என்று கண்ணாடியை விட்டுவிட்டுப் பெட்டியின் பின்பக்கம் கையை நீட்டினேன். வெதுவெதுவென்று காற்று விரலில் பட்டது. சூடேறிய பிளாஸ்டிக் வாசனை. அவ்வளவுதான், மனசால் நான் ஈப்போவில் முன்பு வேலை பார்த்த லாரி கம்பெனி ஆபீசுக்குப் போய்விட்டேன்.

எண்பதுகளின் நடுவில் இருக்கும். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து டைப்பிங் படித்துவிட்டு வந்தவள் நான். கம்பெனி லாரிகள் சுங்காய் ஊர்த் தோட்டங்களிலிருந்து, எண்ணெய் ஆட்டும் செம்பனைக் குலை ஏற்றி வரும்; மலையை உடைத்த சுண்ணாம்புக் கல்லும் ஏற்றும். அந்தக் கல்லின் வெள்ளைத் தூசி இருக்கிறதே, அப்பப்பா! காலையில் துடைத்த மேசையில் பத்து மணிக்கெல்லாம் விரலால் பெயர் எழுதலாம். நான் எழுதியும் இருக்கிறேன், வேலை அவ்வளவு மும்முரம்.

அந்த ஆபீசுக்குத்தான் கம்ப்யூட்டர் வந்தது. அது இந்தக் காலத்துப் பெட்டி மாதிரி நிற்காது, படுத்திருக்கும். பிஸ்கட் நிறம். முன்பக்கம் மீன் செவுள் மாதிரி கோடு கோடாய்த் திறப்பு, பின்பக்கம் வட்டமாய்ச் சல்லடை, அதற்குள் காற்றாடி. பக்கத்தில் ஒரு பெரிய சிவப்பு சுவிட்ச். அதைத் தட்டினால் ஆபீஸ் முழுக்கக் கேட்கும். முதலாளி புது லாரிக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்தார். மாலை, சந்தனம், குங்குமம், தேங்காய். எலுமிச்சம்பழம் நசுக்கும் கட்டம் வந்ததும்தான் திகைத்துப் போனார். சக்கரம் இல்லையே! கடைசியில் ஒரு டிரைவர் அண்ணன் காலாலேயே மிதித்துக் காரியத்தை முடித்தார். பூஜை போட்ட இடம் என்று அன்று முதல் அந்த அறைக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை.

பெட்டியைப் பொருத்த வந்த சீனர் ஆ லியோங், கிளம்பும்போது வெளியே லாரியைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், "ஹாபுக், ஹாபுக்" என்று மலாயில் தூசியைச் சொல்லி விரலை ஆட்டினார். அந்த ஒரு வார்த்தை முதலாளியின் மனைவி சரோஜா அக்கா காதில் விழுந்துவிட்டது.

சரோஜா அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனசு, மதியம் எல்லாருக்கும் சாப்பாடு கொண்டு வருவார். பிரமாதமாகத் தைப்பார். ஆனால் பெண்பிள்ளைகளின் ரவிக்கை முதுகு ஒரு விரல் இறங்கியிருந்தால் போச்சு. முதல் வாரமே நான் மாட்டிக்கொண்டேன். "முதுகு என்ன ஜன்னலா? காத்து வாங்கப் போறியா?" நான் வெட்கத்தில் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அந்த வெயிலில் அவிந்து கிடந்தேன்.

அப்படிப்பட்டவர் கம்ப்யூட்டருக்கு உடுப்பு தைத்தார். மெரூன் வெல்வெட், ஓரமெல்லாம் தங்கச் சரிகை. திரைக்கும் பிளாப்பி போடும் வாய்க்கும் மட்டும் திறப்பு. மற்றபடி முன்னும் பின்னும் கழுத்துவரை மூடிய, அடக்கமான உடுப்பு. ஆபீசே கை தட்டியது. அதிகமாகத் தட்டியவள் நான்தான்.

மறுநாள் மதியத்திலிருந்து பெட்டி ஓடாமல் பாதியில் நின்றுபோக ஆரம்பித்தது. லாரிப் பட்டியலைப் பாதி அடித்திருப்பேன், திரை அப்படியே உறைந்துவிடும். ஆ லியோங் வந்தார். உடுப்பைக் கழற்றி, மூடியைத் திறந்து, உள்ளே பார்த்து, ஓட விட்டுப் பார்த்தார். ஜம்மென்று ஓடியது! "ஓகேலா" என்று போய்விட்டார். உடுப்பைப் பத்திரமாகப் போட்டோம். மதியம் நின்றது. மறுபடி வந்தார், கழற்றினார், ஓடியது. இந்த முறை போகும்போது என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

முதலாளியும் பார்த்தார். "நீதான் எதையோ போட்டு அமுக்குற. சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் பொட்டி அது வந்த கடைக்கு, நீ ஒன் தோட்டத்துக்கு."

நான் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறேன் என்று அம்மா எங்கள் தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி, கோயிலில் அர்ச்சனையும் பண்ணியாகிவிட்டது. எந்த முகத்தோடு பஸ் ஏறுவது?

அப்போது துப்புக் கொடுத்தது ஆபீஸ் பூனை. பெட்டி வந்த நாளிலிருந்து அது பின்பக்கச் சல்லடைக்கு எதிரேதான் படுக்கும். சூடான காற்று வருகிறதல்லவா, சுகவாசி! வெள்ளிக்கிழமை பார்த்தால் அங்கே ஆளைக் காணோம். பேப்பர் தட்டில் சுருண்டிருந்தது. பல நாளாகவே அப்படித்தான் என்று அப்போதுதான் உறைத்தது. பின்னால் கை வைத்தேன். காற்றே இல்லை. வெல்வெட்டுக்குள் கையை விட்டால், இட்லிச் சட்டி!

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் யார் சொல்வது? முதலாளி மனைவியிடம் போய், உங்கள் உடுப்புதான் கொல்கிறது என்றால், சனிக்கிழமைக்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

மதியம் அக்கா சாப்பாட்டுக் கூடையோடு வந்தார். நேராக அவர் கையைப் பிடித்து வெல்வெட்டுக்குள் வைத்தேன்.

"அடியாத்தி! காய்ச்சல்லா அடிக்குது இதுக்கு!"

ஒரே இழுப்பு. சரிகை கிழிந்தது. முதலாளி பதறி ஓடி வந்தார். "சரோ, ஹாபுக் போகும்லா!"

"தூசி போனா தும்மும். மூச்சு நின்னா செத்துப் போகும். நீங்க சும்மா இருங்க!"

உடனே சல்லடை வழியாகக் காற்று வந்தது. அக்கா முகத்தை அதில் காட்டி, "வருதுடி, வருது" என்று சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

சனிக்கிழமை காலை புது உடுப்போடு வந்தார். முன்பக்கம் செவுளுக்கு நேராக வலைத்துணி, பின்பக்கம் முழுத் திறப்பு, மேலே மட்டும் நாடா முடிச்சும் குஞ்சமும். ஈப்போவிலேயே அவ்வளவு முதுகு இறங்கிய ரவிக்கையை நான் பார்த்ததில்லை. நாங்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! பூனை பழைய இடத்துக்கே திரும்பியது. பெட்டி அன்று நிற்கவில்லை. சாயந்தரம் முதலாளி, "திங்கக்கிழமையும் வந்துரு. இனி நீ இங்கதான்" என்றார்.

அந்த ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை. சிவப்பு சுவிட்ச் வைத்த பெட்டிகள் எங்கேயும் இல்லை. உடுப்பு பெட்டியோடேயே பழைய இரும்புக்காரனிடம் போயிற்று. எங்கள் தோட்டத்தில் லயமும் இல்லை, ரப்பரும் இல்லை. சரோஜா அக்காவும் போய்விட்டார். மகன் பெட்டியின் கண்ணாடியை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்து எனக்கு நானே சிரித்துக்கொள்கிறேன்.

என் கல்யாண ரவிக்கை அவர் தைத்ததுதான். அலமாரியில் இருக்கிறது, இப்போது ஒரு கைகூட நுழையாது. கல்யாணத்துக்கு முன்னால் அவர் தைத்துக் கொடுத்த அன்று விரித்துப் பார்த்தவள் திடுக்கிட்டுவிட்டேன். முதுகு நன்றாக இறங்கியிருந்தது.

"என்னக்கா இது?"

அக்கா வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னார்: "இருக்கட்டும்லா. ஒனக்கும் காத்து வேணும்."