தலைவர் எல்லையில் ஒரு கதவு

கதவைத் தள்ளிப் பார்க்கிறார் ரெபேக்காள். உள்பக்கமாகத் திறக்கிறது. "ம்க்கும்" என்று தொண்டைக்குள் ஒரு சத்தம். வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிற பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர் சந்தனத்தைத் தொடாமல் கதவின் கீலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உள்ளே போனாலும் மேடையைப் பார்க்க மாட்டார். இந்த வழியை விட்டால் வெளியே போக இன்னொரு வழி எங்கே இருக்கிறது என்று தேடுவார். அது அகப்பட்ட பிறகுதான் பெண் எப்படி, மாப்பிள்ளை எப்படி என்கிற பேச்செல்லாம்.

ரெபேக்காளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஜி.எஸ்.டி. சாலையோர நகராட்சி ஒன்றில் கட்டட ஆய்வாளர். வரைபடத்தில் காட்டிய படிக்கட்டு கட்டடத்தில் இருக்கிறதா, பக்கத்தில் விடவேண்டிய இடத்தை விட்டிருக்கிறார்களா என்று போய்ப் பார்க்கிற வேலை. வீடு கட்டும்போது எல்லோரும் கும்பிடுவார்கள், கட்டி முடித்ததும் எல்லோரும் திட்டுவார்கள். இரண்டையும் அவர் காதில் வாங்கிக்கொள்வதில்லை. பருத்திப் புடவை, காலில் கான்வாஸ் ஷூ. இதற்கும் அதற்கும் பொருத்தமா என்று கேட்ட ஒரு என்ஜினியருக்கு, "சென்ட்ரிங் பலக ஆணி மேல நீ ஒருவாட்டி காலு வெச்சிப் பாரு, அப்பால பொருத்தம் பேசலாம்" என்று பதில் கிடைத்தது.

"அந்தம்மா வந்துகினு கீறாங்கன்னு போன் வந்தா, நான் மொதல்ல தொடப்பத்த எடுத்துப் படியப் பெருக்கிடுவேன்" என்கிறார் தனகோடி மேஸ்திரி. "வேற எத்த வேணா மன்னிப்பாங்க. படிமேல சாமான் கெடந்தா மட்டும் ஆவாது. அன்னிக்கெல்லாம் பேஜாருதான்."

இப்படி ஒரு பிடிவாதம் இருந்தால், பின்னால் ஏதோ ஒரு சோகக் கதை இருக்க வேண்டும் என்று நமக்கெல்லாம் ஓர் அரிப்பு. நானும் கேட்டேன். படாளம் பக்கம் பிறந்தவர், அப்பா பிறர் நிலத்தில் கரும்பு வெட்டியவர், ஓலைக் குடிசை. ஏதாவது தீ விபத்தா? ரெபேக்காள் சிரித்துவிட்டார். "நீங்களும் கத கேக்கறீங்களா? அப்டி ஒண்ணும் கெடையாது. கவருமெண்டு சம்பளம் குடுக்குது, நான் பாக்கறேன். நர்ஸு ஊசி போட்டா அவங்கள யாருனா இன்னா கதன்னு கேக்கறாங்களா?"

இவர் செயலாளராக இருக்கிற சங்கத்துக்குப் பாலாறு வட்டாரக் கட்டட ஆய்வாளர் சங்கம் என்று பெயர். செங்கல்பட்டில் ராட்டினங்கிணறு பக்கம், பிளம்பிங் சாமான் விற்கிற கடைக்கு மேலே ஓர் அறை. அதற்கு ஏறுகிற படிக்கட்டு செங்குத்தாக நிற்கும். எந்த ஆய்வாளரும் தன் எல்லையில் அப்படி ஒரு படிக்கட்டை விடமாட்டார். ஆனால் வட்டாரத்தின் ஆய்வாளர்கள் அத்தனை பேரும் வருஷக்கணக்காக அதில் கைப்பிடி இல்லாமல் தொத்தி ஏறி, மேலே உட்கார்ந்து, படிக்கட்டு விதிகளை விவாதித்துவிட்டு, மறுபடி சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். ரெபேக்காள் பதவிக்கு வந்ததும் செய்த முதல் காரியம் கைப்பிடி வைத்ததுதான். "வுழுந்தா மொத ஆளா வுழுறது நம்ம பொருளாளருதான். அவருக்கு முட்டி வேற சரியில்ல" என்று காரணமும் சொன்னார்.

சங்கத்திலிருந்து மாதாமாதம் ஒரு செய்தி மடல் வரும். முன்பெல்லாம் அதில் பணி நிறைவு விழா, பொன்னாடை, ரத்ததான முகாம், புதிய விதிகளுக்கான வகுப்பு, இரங்கல், மறுபடியும் பொன்னாடை. இப்போது பொன்னாடை ஒழிந்தது. ஓய்வு பெறுகிறவருக்கு நல்ல டார்ச் லைட் ஒன்று கொடுக்கிறார்கள். "ரிட்டையர் ஆனா கண்ணு சும்மா இருக்குமா? போற வழியில பேஸ்மென்ட்ட எட்டிப் பாக்க வேணாமா?" என்பார் ரெபேக்காள். மடலின் கடைசிப் பக்கத்தில் 'இம்மாதப் படி' என்று எங்கேயோ எடுத்த படிக்கட்டின் படம் ஒன்று. அதில் என்ன குற்றம் என்று எழுதி அனுப்ப வேண்டும். ஆய்வாளர்களைவிட அவர்கள் வீட்டுப் பெண்கள்தான் சரியாகச் சொல்கிறார்கள் என்பது சங்கத்துக்குள் பேசக்கூடாத விஷயம்.

ரெபேக்காளைச் சங்கத்துக்கு இழுத்துவந்தவர் தலைவர் தீனதயாளன். மாமல்லபுரம் பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவர் எல்லை. இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். பெண்ணைச் செயலாளராகப் போட்டால் இருட்டிய பிறகு கூட்டத்துக்கு எப்படி வருவார் என்று சிலர் முனகியபோது, "அப்ப கூட்டத்த பகல்ல வெச்சிக்கலாம்" என்று ஒரே பேச்சில் அடக்கியவர். ரெபேக்காளின் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் அதன் வாசலில் வந்து உட்கார்ந்து போனவர். 'அண்ணாத்த' என்று ரெபேக்காள் அவரைக் கூப்பிடுவது வெறும் வாய்வார்த்தை இல்லை.

இந்த உத்தியோகத்தில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. எல்லை மரியாதை. ஓர் ஆய்வாளர் இன்னோர் ஆய்வாளரின் எல்லைக்குள் போனால், எதைக் கண்டாலும் காணாதவர். தலைக்கு மேலே பால்கனி தொங்கினாலும் "அவுரு லிமிட்டு, அவுரு பாத்துப்பாரு" என்று நகர்ந்துவிட வேண்டும். வாயைத் திறந்தால் சக ஊழியரைக் குறை சொன்னதாகிவிடும். ரெபேக்காளும் வெளியெல்லைகளில் கதவைத் தள்ளிப் பார்ப்பாரே தவிர, அந்த "ம்க்கும்" தாண்டி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இந்த வருஷம் சங்கத்தின் ஆண்டு விழாவை நெம்மேலி தாண்டி, கடலைப் பார்த்த மாதிரி புதிதாகக் கட்டியிருக்கும் ஒரு மண்டபத்தில் வைத்தார்கள். தலைவரின் எல்லை. கட்டடத்துக்கு நிறைவுச் சான்று கொடுத்தவரும் அவர்தான். கருத்தரங்கின் தலைப்பு 'ஆபத்து வேளையில் வெளியேறும் வழி'. மாவட்ட அதிகாரிகள் வருவதாக ஏற்பாடு.

காலையில் பேனர் கட்ட முதலில் வந்தது ரெபேக்காளும் துணைச் செயலாளர் ஸ்டான்லியும். ஸ்டான்லியும் ஆய்வாளர்தான். மண்டபம் முதல் மாடியில். முன்பக்கம் அகலமான பளிங்குப் படிக்கட்டு. மேடைக்குப் பக்கத்தில் ஒரு கதவு, அதற்கு மேலே 'அவசர வழி' என்று பச்சைப் பலகை பளிச்சென்று எரிந்தது. ரெபேக்காள் தள்ளினார். திறந்தது, விதிப்படி வெளிப்பக்கமாகவே. கதவைத் தாண்டி இரண்டு படி இறங்கியதும் இரும்புக் கிரில், அதில் பூட்டு. கிரிலுக்கு அந்தப் பக்கம் கீழ்வரை படிக்கட்டு முழுக்க, சமையலறையின் கேஸ் சிலிண்டர்கள் அடுக்கியிருந்தன.

ஸ்டான்லி பேனர் கயிற்றை ரொம்ப அக்கறையாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டான்லி, போன வாரம் ஹால பாத்துட்டு வந்தது நீதான?"

"நான்தான் மேடம்."

"இத்த பாக்கல?"

"பாத்தேன் மேடம்."

"பாத்துட்டு?"

"தலைவரு லிமிட்டு மேடம். அவராண்ட போயி நான் எப்டி சொல்றது?"

சாப்பாடு ருசி பார்க்க வந்த பொருளாளர் பார்த்திருக்கிறார். மைக் செட் சரிபார்க்க வந்தவரும் பார்த்திருக்கிறார். தலைவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று ஒவ்வொருவரும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். விழாவுக்கு இடம் பார்க்க வந்த தலைவரோ பச்சைப் பலகை எரிவதைப் பார்த்துவிட்டு, கதவைத் தொடாமலே திருப்தியாக இறங்கிப் போயிருக்கிறார். வெளியேறும் வழியைப் பற்றிப் பேச இத்தனை நிபுணர்கள் சேர்ந்து, வெளியேற வழியில்லாத இடமாகப் பார்த்துப் பிடித்திருந்தார்கள்.

மண்டப மேலாளர் ரமேஷ் ஓடிவந்தார். "சார் சர்டிபிகேட் குடுக்க வந்து பாத்தப்ப படி கிளியரா இருந்துச்சு மேடம். அப்பால கிச்சன்ல எடம் பத்தல. சாயங்காலம் ஒரு ரிசப்ஷன் கீது. அது முடியட்டும், எடுத்துர்றேன்."

கீழே வாழை மரங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டுப் பிள்ளைகள் சில அதற்குள் வந்து, பளிங்குப் படியில் ஏறுவதும் இறங்குவதுமாக ஓடி விளையாடிக்கொண்டிருந்தன. ஒரு கிரிலைத் திறக்கச் சொல்வது தினமும் செய்கிற வேலை. தீனதயாளன் சான்று கொடுத்த கட்டடத்தில், அவர் தலைமை தாங்கும் விழாவில், அவருடைய மேலதிகாரிகள் வந்து இறங்கும் நேரத்தில் அதைச் சொல்வது வேறு வேலை. சொன்னால் அண்ணாத்த இனி முகம் கொடுத்துப் பேசமாட்டார். அவரை இழக்க ரெபேக்காளுக்கு மனமில்லை.

வெள்ளை வேட்டி சட்டையில் வந்து சேர்ந்தார் தீனதயாளன். "இன்னாம்மா, எல்லாரும் நாஸ்தா துன்னாச்சா?" என்று உற்சாகமாகக் கேட்டவரை, பதில் சொல்லாமல் கதவண்டை கூட்டிப்போய் நிறுத்தினார் ரெபேக்காள். தலைவர் சிலிண்டர்களைப் பார்த்தார்.

"பச்ச போர்டு எரிஞ்சிதேம்மா" என்றார்.

"எரியுது அண்ணாத்த. இப்பவும் எரியுது."

"சரி, இன்னிக்கி ஒரு நாளு வுடு. நாளைக்கி நானே வந்து நோட்டீஸு குடுக்கறேன். ஆபீசருங்கல்லாம் வந்துகினு கீறாங்க. நாலு பேரு முன்னாடி என்ன நிக்க வெக்காத."

"சாயங்காலம் கொழந்த குட்டியோட ஊரே வரப்போவுது. எதுனா ஒண்ணு ஆச்சின்னா, நாளைக்கி குடுக்கப்போற நோட்டீஸ வெச்சிகினா எறங்குவாங்க?"

தீனதயாளனின் குரல் ஏறியது. "நீ செயலாளரு. நம்ம ஆளயே வுட்டுக்குடுக்கறதுக்கா சங்கம் வெச்சிகினு கீறோம்?"

"வுட்டுக்குடுக்கல அண்ணாத்த. இத்தினி பேரு பாத்துட்டு உங்ககிட்ட சொல்லாம போனாங்களே, அதான் வுட்டுக்குடுத்தது."

தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு படியிறங்கிப் போனார். ரெபேக்காளுக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு மாடிப்படியின் மேல்படியில் போய் நின்றார். கீழே உறுப்பினர்கள் கூட ஆரம்பித்திருந்தார்கள்.

"ஒருத்தரும் மேல வந்து குந்தாதீங்க! ஆளுக்கு ரெண்டு சேரு தூக்கிகினு போங்க. மீட்டிங்கு கீழ, கார் நிறுத்தற எடத்துல!"

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பாதிப் பேருக்குக் காரணம் தெரியும், மீதிப் பேருக்கு ரெபேக்காளைத் தெரியும். பெரிய அதிகாரி ஒருவர் காரிலிருந்து இறங்கி, வெட்டவெளியில் ஏன் என்று விசாரித்தபோது, "மேல பின்படி அடச்சி கீது சார். தெறந்தப்புறம் போலாம்" என்றார் ரெபேக்காள். யார் எல்லை, யார் சான்று என்கிற பேச்சையே எடுக்கவில்லை. அதிகாரியும் தலையாட்டிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கடல் காற்றில் பேனர் படபடக்க, விழா நடந்தது. தலைவரின் நாற்காலி மட்டும் காலி. அவர் கோபித்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார் என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

கடைசியில் ரெபேக்காள் மைக்கைப் பிடித்தார். யாருடைய எல்லையாக இருந்தாலும், ஆபத்தைக் கண்ட உறுப்பினர் அந்த எல்லைக்காரரிடம் அன்றைக்கே சொல்ல வேண்டும், கேட்டவர் வருத்தப்படக் கூடாது என்று ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். "வழிமொழிய யாரு?" என்று கேட்டார். ஸ்டான்லி தன் செருப்பைப் பார்த்தார். பொருளாளர் தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்தார். இன்னொரு தடவை கேட்டார்.

"நான் வழிமொழியிறேன்."

எல்லோரும் திரும்பினார்கள். மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து தீனதயாளன் வந்துகொண்டிருந்தார். வேட்டி முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருந்தது. சட்டை, வேட்டி, கை எல்லாம் துரு. "சிலிண்டர அல்லாத்தையும் வெளிய தூக்கிட்டோம். கிரிலயே கழட்டிட்டேன்" என்று மேலதிகாரியைப் பார்த்துச் சொன்னார். "என் லிமிட்டு சார். நான்தான் திரும்ப வந்தப்ப கதவத் தெறந்து பாக்காம வுட்டுட்டேன்." சமையல்காரர்களோடு சேர்ந்து அவரும் சுமந்திருக்கிறார். கைதட்டல் அடங்க நேரமானது.

ஆனால் சாப்பாட்டுப் பந்தியில் அவர் ரெபேக்காள் பக்கத்தில் உட்காரவில்லை. எப்போதும் உட்காருகிறவர். பரிமாறுகிறவர் மோர் ஊற்ற வந்தபோதும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. ரெபேக்காள் இலையை மூடிவைத்தார். பாதியில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போய், தன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து, தலைவர் நின்ற இடத்துக்கு நேரே நிறுத்தினார்.

"அண்ணாத்த, என் லிமிட்டுல ஒரு டியூஷன் சென்டரு கீது. மூணாவது மாடி. நான் பாத்து பாஸ் பண்ணது. அந்தப் பின்படி இப்ப எப்டி கீதுன்னு போயி பாக்கவே இல்ல. காலையிலேர்ந்து அதே நெனப்பு, பயமா கீது. நீங்க வந்து பாத்து, தப்பு இருந்தா அங்கியே என்ன கேளுங்க."

"இப்பவேவாம்மா?"

"புள்ளைங்க வர்றதுக்குள்ள போயிடலாம்."

ரெபேக்காள் ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து இன்னொரு ஹெல்மெட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். கடல் காற்று பின் இருக்கையில் மணலை வாரி இறைத்திருந்தது. அதை முந்தானையால் துடைத்தார். துரு ஏறிப்போன அந்த வெள்ளை வேட்டியை ஒரு தரம் பார்த்தார். பார்த்துவிட்டு, மறுபடியும் குனிந்து, ஓரமெல்லாம் மணல் போகத் துடைத்தார்.