லேடாங் மலையின் இரும்பு ஏணி

செங் வட்டாரத் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் பெண்கள் லேடாங் மலையடிவார விடுதிக்குப் புறப்பட்டபோது நானும் சேர்ந்துகொண்டேன். "அக்கா, உங்களுக்கு முட்டிவலி. ஆத்துல குளிச்சிட்டு ரூம்லயே இருங்க லா," என்றார்கள். நான் கேட்கவில்லை. விடிந்ததும் அவர்களோடு மலையேறினேன்.

பாறையில் பொருத்தியிருந்த இரும்பு ஏணியில் பாதி ஏறியதும் கீழே பார்த்துவிட்டேன். ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். தோழிகள் எப்போதோ மேலே போய்விட்டார்கள். எனக்குப் பின்னால் முக்காடு போட்ட தமிழ்ப் பெண் ஒருத்தி ஏறிக்கொண்டிருந்தாள். வழியை அடைத்ததற்குத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா, எனக்கும் பயமாத்தான் இருக்கு. உங்க காலைப் பார்த்துக்கிட்டேதான் இவ்ளோ தூரம் வந்தேன். நீங்க ஏறுனா நானும் ஏறிருவேன்," என்றாள்.

என்னை நம்பி ஒருத்தி வருகிறாளா! "வாம்மா, மெதுவா வா," என்று சொல்லிவிட்டு அடுத்த படியில் கால் வைத்தேன்.

உச்சியில் மேகம் எங்களுக்குக் கீழே மிதந்தது. இருவரும் கையைத் தூக்கிக் கத்தினோம். தோழிகள் திரும்பிப் பார்த்து எங்களிடம் ஓடிவந்தார்கள்.

அவளுக்கு நிஜமாகவே பயமா, எனக்காகச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. ஒருத்தியை மலையேற்றிவிட்ட பெருமையை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.