நாலு நாள் ஓடிய சாவுப் படம்

இன்று ஊரே அழுதுகொண்டு பார்க்கும் குடும்பப் படங்களை எடுக்கிற அந்த டைரக்டர், ஆரம்பத்தில் ஒரு சாவுப் படம் எடுத்தார். திருப்பூரில் அது நாலு நாள்தான் ஓடியது. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. அவர் எடுத்ததிலேயே அதுதான் உயர்ந்தது என்று நினைக்கிறேன். அப்படி நினைக்க எனக்கு உரிமை உண்டா, தெரியவில்லை.

ஊரை ஒட்டிய மண்ணரையில் குடியிருந்தோம்; அங்கிருந்து பக்கத்து வீட்டு அக்காவோடு மேட்னிக்குப் போனேன். மடியில் எட்டு மாதப் பெண் குழந்தை. படத்தில் ஒரு பெரியவர் விடியும்வரை தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். சொந்தக்காரர்கள் வந்து இறங்குகிறார்கள். வாசலில் பாடை கட்டியாகிறது. பெரியவர் கண்ணைத் திறந்து காப்பி கேட்கிறார். லீவு தீர்கிறதே என்று மாப்பிள்ளை முனகுகிறார். மூன்றாம் நாள் பெரியவரே வாசலுக்கு வந்து, பாடை நீளம் போதாது, கால் வெளியே நிற்கும், பிரித்துக் கட்டுங்கள் என்கிறார்.

"பாட்டைப் போடுங்கப்பா!" என்று முன்வரிசை கத்தியது. படத்தில் பாட்டே இல்லை. இங்கே சிரி என்று காட்ட ஒரு காமெடியனும் இல்லை. கஞ்சி ஊட்டுகிற மருமகள், ஒரு கரண்டிக்கும் அடுத்த கரண்டிக்கும் நடுவில் ஜன்னல் வழியே பாடையைப் பார்க்கிறாள். கேமரா அவள் முகத்தைவிட்டு நகரவில்லை. அவளும் காத்திருக்கிறாள்; அது அவளுக்கே அப்போதுதான் தெரிகிறது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். பெண்கள் பக்கம் சிரித்தது நான் ஒருத்திதான்.

வீடு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. எழவு வீட்டுக்குப் போய்வந்தால் தலை முழுகாமல் பிள்ளையைத் தொடமாட்டோம். நானோ பிள்ளையை மடியில் வைத்தபடியே சங்கும் பறையும் கேட்டிருக்கிறேன். மாமியாரிடம் கேட்டேன்.

"படத்துல எழவு உழுந்தா நம்மூட்டுக்கு என்ன அம்மிணி? அதுல செத்தவன் அடுத்த படத்துல டூயட்டு பாடுவான்" என்றார்.

எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள் நான். அதோடு விட்டிருக்க வேண்டும். மாமியார் கடைக்குப் போன நேரத்தில், வெந்நீர் வைத்தால் ஏன் என்று கேட்பாரே என்று, தொட்டித் தண்ணீரையே என் தலையிலும் பிள்ளை தலையிலும் ஊற்றினேன். மார்கழி மாதம். கணவர் பனியன் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த வேஸ்ட் துணியால் அவசரமாகத் துவட்டினேன்.

இரண்டு நாளில் பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவின் கீழே குழி விழுந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"பச்சைத் தண்ணி ஏதாச்சும் ஊத்துனீங்களா?" என்றார் டாக்டர்.

"இல்லீங்க."

அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். என் பொய்யை நம்பி மருந்தை மாற்றிவிட்டால்? பின்னாலேயே ஓடினேன். "ஊத்துனேனுங்க. தலைக்கே ஊத்துனேனுங்க."

"எப்படியிருந்தாலும் இதே ஊசிதாம்மா."

மாமியார் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுநாளும் பிள்ளை பால் குடிக்கவில்லை. நான் அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை தப்பினால் நின்றுவிடும் போலிருந்தது.

"எண்ணாத கண்ணு" என்றார் மாமியார். "அந்தப் படத்துல அந்தப் பெருசுக்கு என்னாச்சு, சொல்லு."

சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் தன் பிள்ளையோடு இருந்தவளும் திரும்பி உட்கார்ந்தாள். பாடையைப் பிரித்துக் கட்டச் சொன்ன இடத்தில், "எங்க மாமனாரேதானுங்க! மூணு வாட்டி ஊருக்கெல்லாம் ஆள் உட்டாச்சு. ஒவ்வொரு வாட்டியும் எந்திரிச்சு உக்காந்து, யாராரு வரலைன்னு கேக்கறாரு" என்றாள். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். உடனே பிள்ளையின் விலாவைப் பார்த்தேன். குழி விழுந்துகொண்டுதான் இருந்தது.

"பொறவு?" என்றார் மாமியார்.

அப்போது டாக்டர் உள்ளே வந்தார். படத்தின் முடிவில் போய்ச்சேருவது, பெரியவருக்குக் கெடு சொன்ன டாக்டர்தான். பெரியவர் பெருந்தன்மையாகத் தன் பாடையை அவருக்குக் கொடுத்துவிட்டு, ஊர்வலத்தில் முன்னால் நடக்கிறார். அப்படியொரு முடிவை வேறெந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. என் பிள்ளையின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவரின் குனிந்த தலையைப் பார்த்தேன்.

"மறந்துபோச்சுங்க அத்தை" என்றேன்.

ஐந்தாம் நாள் காலையில் பிள்ளை பால் குடித்தாள். வீட்டுக்குக் கிளம்பும்போது பக்கத்துக் கட்டில்காரி என் கையைப் பிடித்து, முடிவையாவது சொல்லிவிட்டுப் போகச் சொன்னாள். அவளுடைய பிள்ளைக்கு டாக்டர் இன்னும் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். சொல்லவில்லை.