ஒரு போத்தல் பெற்றோல்

நேற்று வெள்ளவத்தையில் எங்கள் பழைய ஒழுங்கையால் வந்தேன். ஒருவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே நின்றார். அது இருமும், அடங்கும். உங்களுக்கு அது வெறும் சத்தம். நானோ நடையை நிறுத்திவிட்டேன்.

பெற்றோலுக்காக நாடே வரிசையில் நின்ற காலம் நினைவிருக்கும்தானே? நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இதே ஒழுங்கையில், ஒரு மாடி வீட்டில் அக்காவும் நானும் இருந்தோம். அத்தான் லீவு முடிந்து டோஹாவுக்குத் திரும்பிய நாளிலிருந்து அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் படிகளுக்குக் கீழே தறப்பாள் போர்த்திக் கிடந்தது. மழைக்காலம் முழுக்க நான் அதைத் தொடவில்லை. கடற்காற்று தொட்டது. செயினெல்லாம் துரு.

ஒரு காலை, அக்கா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். பிள்ளை பிறக்க இன்னும் சில கிழமைகள் இருந்தன.

"தம்பி, பன்னீர்க்குடம் உடைஞ்சிட்டுது. கெதியாப் போகவேணும்."

பெருந்தெருவான காலி வீதிக்கு ஓடினேன். ஓட்டோக்கள் எல்லாம் பெற்றோல் வரிசையில், எஞ்சினை நிறுத்தி, ஆளில்லாமல் நின்றன. அம்புலன்ஸ் வரச் சுணங்கும் என்றார்கள். திரும்பி வந்து தறப்பாளை இழுத்தேன்.

தாங்கி மூடியைத் திறந்ததும் வார்னிஷ் மணம். கிடந்து கெட்டுப்போன பெற்றோல் அப்படித்தான் மணக்குமாம். கொட்டாஞ்சேனையில் மாமாவின் தளபாடக் கடையிலும் இதே மணம்தான். பள்ளி விடுமுறைகளில் அங்கே மேசைக்கால்களுக்கு வார்னிஷ் பூசப் போய், என் கால்சட்டைக்கும் பூசிக்கொண்டு வருவேன். கைவேலையில் என் தகுதி அவ்வளவுதான். அந்தக் கைகளை நம்பித்தான் அக்கா படியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பெரியவர் ஃபாரூக் நானா வந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். தன் வீட்டுக்குள் போய், ஒரு சோடாப் போத்தல் நிறையப் பெற்றோலோடு வந்தார்.

"பழசக் கொட்டுங்க மகன். இத ஊத்துங்க."

பிளக்கைக் கழற்றி மண்கடதாசியால் தேய்த்தேன். உதைத்தேன். இல்லை. காபரேற்றரின் அடி ஆணியைத் திறந்ததும் கறுப்புச் சேறு வழிந்தது. துடைத்துப் பூட்டி மறுபடியும் உதைத்தேன். காலில் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

"எனக்கு ஏலாதடா," என்றாள் அக்கா. அதற்கு முன் அவள் அழுது நான் கண்டதில்லை.

"தள்ளுவம்," என்றார் நானா.

எங்கள் ஒழுங்கை கடலை நோக்கிச் சரியும். நான் ஏறி உட்கார, அவர் தள்ளினார். கிளச்சை விட்டேன். வண்டி ஒரு குலுக்கலோடு செத்தது. இன்னும் பாதி ஒழுங்கைதான் மிச்சம். அதற்கப்பால் மரைன் டிரைவ், தண்டவாளம், கடல். நானா மூச்சிரைக்க மறுபடியும் தள்ளினார். கண்ணை மூடிக்கொண்டு விட்டேன். வெடித்துப் புகை கக்கி, பிடித்தது.

வண்டியைப் படியடிக்குத் திருப்பினேன். அக்காவை நடுவில் இருத்தி, பின்னால் ஏறிக்கொண்டார் நானா. "கூச்சப்படாதீங்க மகள், என்னப் புடிச்சிக்கங்க." மூன்று பேர், ஹெல்மெட் ஒன்றும் இல்லை. சந்தியில் கை காட்டிய பொலிஸ்காரர் அக்காவைக் கண்டதும் மற்ற வாகனங்களை மறித்தார். எஞ்சின் நின்றுவிடுமோ என்ற பயத்தில் பொரளை ஆஸ்பத்திரி வரைக்கும் நான் அக்சிலேற்றரைத் தளர்த்தவே இல்லை.

அக்காவை உள்ளே கொண்டுபோன பிறகுதான் நானா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"நான் வாறன் மகன். இண்டைக்கு வைஃபுக்கு கிளினிக்."

அப்போதுதான் விளங்கியது, அந்தப் பெற்றோலை, ஓட்டோ ஒன்றுக்கு ஊற்றிப் போக, யாருக்காக வைத்திருந்தார் என்று. கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். "அக்காட பக்கத்துல இருங்க," என்று பஸ்ஸுக்கு நடந்தார். அன்று அவர்களுக்கு கிளினிக் தவறிவிட்டது. அடுத்த கிழமை, அவருடைய மனைவி பஸ்ஸில் நின்றபடி போய்வந்தார்.

பெண் பிள்ளை பிறந்தது. இப்போது தாயோடு டோஹாவில் இருக்கிறாள். மோட்டார் சைக்கிளை நுகேகொடையில் ஒருவருக்கு விற்றோம். நானா குடும்பமும் வீட்டை விற்றுவிட்டுத் தெஹிவளைப் பக்கம் போனதாகக் கேள்வி.

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது உயரமான ஃபிளாட். நேற்று அதன் கேற்றடியில் நின்றேன். காவலாளி யாரைப் பார்க்க வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டார். வாய் தவறி, ஃபாரூக் நானா என்றேன். அவர் பெயர்ப்பலகையை மேலிருந்து கீழாகப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்.